காவிரியில் விழுகிற பஸ்

திருச்சி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி, என்ன விஷயமாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு டவுன் பஸ் திரும்பத் திரும்பக் காவிரியில் விழுந்துகொண்டிருக்கிறது, அதைத் தடுத்து நிறுத்த வந்தேன் என்பதுதான் நேர்மையான பதில். அதைச் சொன்னால் வந்த விமானத்திலேயே திருப்பி ஏற்றிவிடுவார்களோ என்று, தோழியைப் பார்க்க வந்தேன் என்றேன். அதுவும் பொய்யில்லை. முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

அந்த பஸ் செல்போனுக்குள் ஓடுகிற பஸ். நான் மலேசியாவில், ஈப்போவில் உட்கார்ந்து செல்போன் விளையாட்டுகளுக்கு பிசிக்ஸ் இஞ்சின் எழுதுகிறவள். விளையாட்டில் பந்தைத் தூக்கிப் போட்டால் அது கீழே வர வேண்டும். கார் சுவரில் மோதினால் நிற்க வேண்டும். இதெல்லாம் தானாக நடக்காது. திரைக்குள் பூமி இல்லை, எடை இல்லை, சுவர் என்பது வெறும் படம். யாராவது உட்கார்ந்து எல்லாவற்றையும் கணக்காக எழுதி வைத்தால்தான் பந்து விழும். அந்த யாராவது நான்தான். என் இஞ்சினைப் பற்றி எனக்கு ரொம்ப நல்ல அபிப்பிராயம் உண்டு. அதை மறைத்துப் பேசுகிற பழக்கமும் இல்லை.

தோழி ஜோஸ்பின், பாலக்கரைக்காரி. ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு திருச்சியைச் செல்போனுக்குள் கட்டினாள். சத்திரம் பஸ் நிலையத்தில் கிளம்பி, காவிரிப் பாலம் ஏறி, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வரை ஒரு டவுன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதுதான் விளையாட்டு. ஊர், சத்தம், ஆட்கள், நிறுத்தங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. பஸ்ஸின் கனமும் குலுக்கலும் என் பொறுப்பு. ஒருவரை ஒருவர் அதுவரை திரையில் மட்டுமே பார்த்திருந்தோம்.

அவளுக்கு அந்த வாரம்தான் கெடு. வெள்ளிக்கிழமை, விளையாட்டுகளை வாங்கி வெளியிடுகிற ஒரு பெங்களூர் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார். திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. திரும்பி வருகிறாளா இல்லையா என்று வெள்ளி மாலைக்குள் பிரின்சிபாலுக்குச் சொல்லியாக வேண்டும். வகுப்புக்குத் திரும்பினால் விளையாட்டு அத்தோடு சரி. நாள் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு வந்து மிச்ச நேரத்தில் ஒரு ஊரைக் கட்டி முடிக்க யாராலும் முடியாது. இந்த நிலைமையில்தான் பஸ் காவிரியில் விழுந்துகொண்டிருந்தது. ஈப்போவில் என் போனில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. கிளம்பி வந்துவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து ஆட்டோ. எங்கள் ஊரில் ஹாரன் அடித்தால் சண்டைக்கு இழுக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே ஹாரன் என்பது 'நானும் ரோட்டில் இருக்கிறேன்' என்கிற தகவல், அவ்வளவுதான். ஆட்டோக்காரர் யார் மேலும் கோபம் இல்லாமல் வழி முழுவதும் தகவல் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஜோஸ்பின் வீட்டு வாசலில் அவள் கணவர் பெலிக்ஸ் நின்றிருந்தார். வங்கியில் வேலை, அதிகம் பேசாத மனிதர். பெட்டியை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டீங்களாக்கா?" என்றார்.

"பசியாறிட்டேன்" என்றேன்.

"எது ஆறிருச்சு?" என்று அவர் குழம்பிப்போய் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். "சூடு பண்ணித் தரச் சொல்லவா?"

எங்கள் ஊரில் காலை உணவு சாப்பிடுவதைப் பசியாறுவது என்றுதான் சொல்வோம். விளக்கிச் சொல்லியும் பிரயோஜனமில்லை, இட்லியும் கறிக்குழம்பும் தட்டில் வந்து விழுந்துவிட்டன. விமானத்தில் கொடுத்த பன்னை மறக்கடிக்கிற குழம்பு. இரண்டாவது முறையும் பசியாறினேன்.

சாப்பாட்டு மேசைதான் ஜோஸ்பினுடைய அலுவலகம். தட்டை நகர்த்திவிட்டுத் தன் பழைய போனை நீட்டினாள். விளையாட்டைத் திறந்தால், முதல் ஓட்டத்தை பஸ் தானாகவே ஓடிக் காட்டும். அடுத்த ஓட்டத்தில்தான் ஸ்டியரிங் நம் கைக்கு வரும். சத்திரத்தில் பஸ் கிளம்பியது. மலைக்கோட்டை பின்னால் நகர்ந்தது. பாலத்தில் ஏறி, பாதி தூரத்தில் நெரிசலுக்காக நின்று, மறுபடி கிளம்பியது. கிளம்பியதும் ஒரு குலுங்கு குலுங்கி, எதிர்த்திசைப் பாதைக்குக் குறுக்கே பாய்ந்து, கைப்பிடிச் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்து, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, காவிரியில் விழுந்தது. தண்ணீர் அழகாகத் தெறித்தது.

"பாத்தீங்களாக்கா? இதான்" என்றாள் ஜோஸ்பின். "வெள்ளிக்கிழமை வர்றவரு முதல்ல பாக்கப்போறது இதத்தான்."

"சரி பண்ணிரலாம். எனக்குத் தெரியும் இது என்னன்னு" என்றேன்.

உண்மையிலேயே தெரியும் என்றுதான் நினைத்தேன். கணினிக்கு நேரம் ஆறு மாதிரி ஓடுவதில்லை, துண்டு துண்டாக நகர்கிறது. ஒரு நொடியை அறுபது துண்டுகளாக நறுக்குவேன். ஒவ்வொரு துண்டிலும் இஞ்சின் மூன்று காரியம் செய்யும். பொருள் எந்த வேகத்தில் போகிறது என்று பார்த்துக் கொஞ்சம் நகர்த்தும். நகர்த்திய பிறகு எது எதற்குள் புகுந்திருக்கிறது என்று தேடும். புகுந்திருந்தால் வெளியே தள்ளும். நல்ல போனில் துண்டுகள் மெல்லியவை. பஸ்ஸின் முனை சுவரைத் தொட்டவுடனே பிடித்துவிடலாம். மட்டமான போனால் அவ்வளவு கணக்குப் போட முடியாது என்பதால், அங்கே நொடிக்கு முப்பது துண்டு போதும் என்று நானே வைத்திருந்தேன். துண்டு பெரிதானால் ஒரே தாவலில் பஸ்ஸின் முனை சுவரின் பாதியைத் தாண்டிவிடும். பாதியைத் தாண்டிய பொருளை எந்தப் பக்கம் தள்ளுவது? இஞ்சின் கிட்டத்தில் இருக்கிற பக்கம் தள்ளும். கிட்டத்தில் இருந்த பக்கம் காவிரி.

செவ்வாய்க்கிழமை முதல் வேலையாக, இருப்பதிலேயே மட்டமான போன் ஒன்று வேண்டும் என்றேன். பெங்களூர்க்காரர் அப்படிப்பட்ட போனில்தான் ஓட்டிப் பார்ப்பேன் என்று சொல்லியிருந்தாராம். அவர்கள் வாடிக்கையாளர்கள் கையில் இருப்பது அதுதான். பெரிய கடைவீதியில் அமீர் பாய் செல்போன் கடைக்கு ஜோஸ்பின் கூட்டிப்போனாள். பாய் பல வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். மட்டமான போன் வேண்டும் என்று கேட்டு வந்த முதல் வாடிக்கையாளர் நான்தான் போலிருக்கிறது. என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நல்லதா காட்டவா?"

"வேண்டாம் பாய். இருக்கிறதிலேயே மோசமானது."

அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "இது சீக்கிரம் சூடாயிரும்மா. சூடானா இன்னும் மெதுவாயிரும். ஆனா மாஷா அல்லாஹ், உசுர மட்டும் விடாது. வேலை முடிஞ்சதும் கொண்டாந்து குடுத்துருங்க" என்றார். கடையில் கொடுத்த, பால் இல்லாத சுலைமானி டீ, நுரை பொங்க ஆற்றிய எங்கள் பால் டீ தே தாரிக்குக்கு எந்த விதத்திலும் போட்டி இல்லை, இரண்டும் வேறு வேறு ஜாதி. இரண்டு கிளாஸ் குடித்தேன்.

மேசைக்குத் திரும்பி வேலையில் இறங்கினேன். சுவரைக் கணக்கில் மட்டும் தடிமனாக்கினேன். கண்ணுக்கு அதே மெல்லிய சுவர், இஞ்சினுக்குக் கோட்டை மதில். பஸ் இப்போது ஆற்றில் விழவில்லை. சுவரில் மோதிப் பாலத்துக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. ஸ்ரீரங்கமும் போகவில்லை. பின்னால் வந்த பஸ்கள் அதன் மேல் ஒவ்வொன்றாக முட்டிக் குவிந்தன.

குவிந்தால் இஞ்சினுக்குப் பெரும்பாடு. ஒன்றைத் தள்ளினால் அது அடுத்ததற்குள் புகும். அடுத்ததைத் தள்ளினால் அது மூன்றாவதற்குள் புகும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சரியான விடை கண்டுபிடிக்க நேரம் கிடையாது. அதனால் ஒவ்வொரு ஜோடியாகக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி, மறுபடி முதலிலிருந்து வந்து தள்ளி, ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று என்று போகும். கூட்டமான பஸ்ஸில் நாம் செய்கிற காரியம்தான் இது. முழங்கையை இவர் மடக்குகிறார், பையை அவர் தூக்குகிறார், கடைசியில் யாருக்கும் முழு இடம் கிடைக்காமல் எல்லோரும் நின்றுவிடுகிறோம். அமீர் பாய் போன் நாலு சுற்றிலேயே தோசைக்கல்லாகச் சூடேறிவிட்டது.

ஜோஸ்பின் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, விழறத நிறுத்திட்டீங்க. சரி. ஆனா பஸ் ஏன் சுவத்துக்குப் போகுது?"

கேள்வி சரியான கேள்வி. என்னிடம் பதிலும் தயாராக இருந்தது. பாலத்தில் அங்கங்கே இரும்பு இணைப்பு இருக்கிறது. அதில் சக்கரம் ஏறி இறங்கும்போது பஸ் குதிக்கிறது. குதிக்கும்போது திசை பிசகுகிறது. ஜோஸ்பின் அந்த இணைப்புகளைக் கொஞ்சம் உயரமாகப் போட்டுவிட்டாள் என்பது என் கட்சி. "உண்மையான பாலத்துல அப்படித்தான் தூக்கிப்போடும்" என்பது அவள் கட்சி. அன்றைக்கு இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அவள் பிரின்சிபால் நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் பயந்துவிட்டாள் என்பது புரிந்தது. எனக்கு அப்போதும் பயம் வரவில்லை. இஞ்சின் சரியாக இருக்கிறது என்றால் சரியாகத்தான் இருக்கிறது.

புதன்கிழமை காலை, நிஜ பஸ்ஸில் ஏறிப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம். சத்திரத்தில் ஒரு தனியார் டவுன் பஸ். உள்ளே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. இடப்பக்க சீட்டுகளில் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். உட்கார இடமில்லை, நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் ஊர் பஸ்ஸில் நடத்துநர் கிடையாது. ஓட்டுநரிடம் அட்டையைத் தட்டிவிட்டு ஏறுவதும் இறங்குவதும் சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும். இங்கே நடத்துநர்தான் கப்பலுக்கு மாலுமி. "உள்ள போங்க, உள்ள போங்க, அந்தம்மாவுக்கு வழி விடுங்க" என்று ஊதலை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிற வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கோ வேறு கவனம். கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸின் ஆட்டத்தை அளந்துகொண்டிருந்தேன். படியில் தொங்குகிற கூட்டத்தால் வண்டி இடப்பக்கம் லேசாகச் சாய்கிறது. அது என் இஞ்சினிலும் உண்டு, சரியாகவே உண்டு. பிரேக் போட்டால் முன்பக்கம் அமுங்குகிறது, அதுவும் உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நடத்துநர் "ஹோல்டான்" என்பார், பஸ் நிற்கும். ஆட்கள் ஏறியதும் "ரைட்" என்பார், ஓரத்தில் நின்ற பஸ் வலப்பக்கம் ஒடித்து நடுரோட்டுக்கு வரும். வலப்பக்கம் திரும்பினால் உடம்பு இடப்பக்கம் தள்ளும். ஆகவே அவர் "ரைட்" என்றதும் வலப்பக்கம் சாய்ந்து காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். இரண்டு நிறுத்தத்தில் பழகிவிட்டேன். நிற்கிறவர்களுக்கு எவ்வளவு அக்கறையாக அறிவிப்புக் கொடுக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டேன்.

பாலத்தில் ஏறினோம். கீழே காவிரியைப் பார்த்து ஏமாந்துபோனேன். ஜோஸ்பின் போனில் கரை புரண்டு ஓடிய ஆறு, இங்கே கண்ணுக்கு எட்டிய வரை மணல். அதற்கு நடுவில் இரண்டு மூன்று ஓடைகள், எருமைகள் சில. எங்கள் ஊரில் தினமும் மழை. ஆறு என்றால் அது எப்போதும் ஆறுதான். "மேட்டூர் தொறந்தாதான் தண்ணி வரும்க்கா. இப்ப இப்படித்தான்" என்றாள் ஜோஸ்பின்.

பாதிப் பாலத்தில் நெரிசல். பஸ் நின்றது. நின்றதுதான் சாக்கு என்று பாலத்தில் நடந்துகொண்டிருந்த ஒருவர் கைகாட்டி ஏறிக்கொண்டார். "ரைட்" என்றார் நடத்துநர்.

நான் முறைப்படி வலப்பக்கம் சாய்ந்து காலை ஊன்றினேன். பஸ் எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராக முன்னால் பாய்ந்தது. கம்பி கையை விட்டு நழுவ, வலப்பக்க சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மடியில் போய் விழுந்தேன். மடியில் இருந்தது மணப்பாறை முறுக்குப் பொட்டலம். அது நொறுங்குகிற சத்தம் பாட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"மன்னிச்சுக்குங்க" என்று எழுந்தேன். முகம் சுட்டது.

"பரவால்லம்மா, எப்படியும் உடைச்சுத்தான் திங்கப்போறோம்" என்று அவர் பொட்டலத்தைத் தட்டிச் சரிசெய்துகொண்டார். "கம்பிய நல்லாப் புடிச்சுக்குங்க."

ஜோஸ்பின் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். "ஏன்லா பஸ்ஸு திரும்பல?" என்றேன்.

"எங்க திரும்பணும்?"

"ரைட்டுன்னு சொன்னாரே. வலது பக்கம்."

ஜோஸ்பின் என்னைப் பார்த்தாள். பிறகு வலப்பக்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிரே வருகிற வண்டிகள், அதற்கு அப்பால் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் காவிரி.

"அக்கா" என்றாள், ரொம்ப நிதானமாக. "ரைட்டுன்னா வலது பக்கம் இல்ல. ரைட்டுன்னா கிளம்பலாம்னு அர்த்தம். எல்லாரும் ஏறியாச்சு, போலாம், ரைட். எங்க ஊர்ல எந்த பஸ்லயும் அப்படித்தான்."

பாட்டு அலறிக்கொண்டே இருந்தது. விஷயம் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. ஜோஸ்பின் தன் வரைபடத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு குறி வைத்திருந்தாள், நடத்துநர் சொல்கிற வார்த்தையையே எழுதி. 'ஹோல்டான்' என்ற குறியைக் கண்டால் பஸ்ஸை நிறுத்து என்று நான் எழுதியிருந்தேன், அது சரி. 'ரைட்' என்ற குறியைக் கண்டால், முன்சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்துக்கொண்டு கிளம்பு என்று எழுதியிருந்தேன். நிறுத்தத்தின் ஓரத்திலிருந்து கிளம்புகிற பஸ் வலப்பக்கம் ஒடித்துத்தான் ரோட்டுக்கு வந்தாக வேண்டும். ஆகையால் எங்கேயும் தப்புத் தெரியவில்லை. பாதிப் பாலத்தில் மட்டும் பஸ் ஓரத்தில் நிற்பதில்லை, நெரிசலோடு நடுரோட்டில் நிற்கிறது. அங்கேயும் ஜோஸ்பின், ஊர் வழக்கப்படி, கைகாட்டுகிற ஒருவருக்காக ஒரு 'ரைட்' வைத்திருந்தாள். என் இஞ்சின் சொன்னதைச் சொன்னபடி செய்து காவிரிக்குள் போனது. என் நல்ல போனில் பஸ் சுவரில் இடித்துவிட்டுத் தானே நேராகிக்கொண்டு போயிருக்கிறது. அதைப் பார்த்து, டவுன் பஸ் இப்படித்தான் ஓட்டுவார்கள் போலிருக்கிறது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஜோஸ்பினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சத்திரத்துலகூட நம்ம பஸ் அப்பப்ப டிவைடர் மேல ஏறும்க்கா. நான், ஆகா, அக்கா எவ்வளவு தத்ரூபமா பண்ணிருக்காங்கன்னு நெனச்சேன்" என்றாள். கண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம். முறுக்குப் பெரியவர் எங்களைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கியதும் கோபுரத்தைப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லை. மடிக்கணினியை வைக்க ஒரு மேசை வேண்டும். சித்திரை வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன மெஸ். நாமம் தரித்த ஒரு நடுவயதுக்காரர், "வாங்கோ, தளிகை ஆயாச்சு, உட்காருங்கோ" என்றார். இலை போட்டார். கூட்டும் சாம்பாரும் வந்தன. அடுத்துக் கொஞ்சம் ரசம் வேண்டும் என்று கேட்டேன்.

"சாத்தமுதா? பேஷா ஊத்திக்கோங்கோ" என்று வாளியோடு வந்தார். மிளகு வாசனை தூக்கியது. ஒரே பண்டத்துக்கு இங்கே இரண்டு பெயர். எங்களுக்கோ ஒரே பெயரில் இரண்டு காரியம் அகப்பட்டிருந்தது. பாயசத்துக்குக் கண்ணமுது என்று பெயராம். பெயர் எதுவானாலும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். இலையை எடுத்த பிறகு அந்த மேசையிலேயே கணினியைத் திறந்து, சக்கரத்தை ஒடிக்கிற வரியை அழித்தேன். பஸ் ஓரத்தில் நிற்கிறதா நடுரோட்டில் நிற்கிறதா என்று பார்த்துக் கிளம்பச் சொல்லி இரண்டு வரி எழுதினேன். அமீர் பாய் போனில் பஸ் பாலத்தைத் தாண்டி, மாம்பழச்சாலையைத் தாண்டி, நாங்கள் உட்கார்ந்திருந்த ஊருக்குள் நுழைந்தது. ஜோஸ்பின் போனைக் கையில் எடுத்து, அந்த ஓட்டத்தை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டேன்.

இத்தோடு முடியவில்லை. தானாக ஓடுகிற பஸ் இனி சுவருக்குப் போகாது. ஆனால் இரண்டாவது ஓட்டத்தில் ஸ்டியரிங் பெங்களூர்க்காரர் கையில் இருக்கும். அவர் முழு வேகத்தில் எக்குத்தப்பாக இடித்தால், தடித்த சுவரும் போதாது, மட்டமான போனில் பழைய கதைதான். நொடிக்கு முப்பது துண்டு என்பதை அறுபதாக்கினால் பிழைக்கலாம். அதற்கு அந்தப் போனில் தெம்பு இல்லை. வியாழக்கிழமை முழுவதும் அந்தத் தெம்பை எங்கே தேடுவது என்பதுதான் பிரச்சினை.

தேடியதில் அகப்பட்டது காவிரி. ஜோஸ்பினுடைய தண்ணீர் அவளுடைய பெருமை. ஒவ்வொரு அலையும் வெயிலில் மின்னும். அந்த மின்னலைப் போடுவது கிராபிக்ஸ் சிப். திரையில் லட்சக்கணக்கான புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே மாதிரியான சின்னக் கணக்கு. அந்த மாதிரி வேலைக்கென்றே பிறந்தது கிராபிக்ஸ் சிப். நூற்றுக்கணக்கான கைகளால் ஒரே நேரத்தில் போட்டுத் தள்ளும். பஸ்ஸைத் தள்ளுகிற கணக்கோ ஒன்றன் பின் ஒன்றாக வருவது, அதைச் செய்வது பிராசசர். போனுக்குள் இவை இரண்டும் ஒரே கட்டிலில் படுத்திருக்கின்றன. ஒன்று சூடானால் இன்னொன்றும் சேர்ந்து சோர்ந்துவிடும். ஆறு மின்ன மின்ன பஸ்ஸுக்குக் கணக்குப் போட ஆள் இல்லாமல் போகிறது.

இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். மூன்று மாதம் அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டியவள் அவள். சொன்னதும் ஜோஸ்பின் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"மணலாக்கிரலாம்க்கா" என்றாள்.

"மனசார சொல்றியா?"

"நேத்து நீங்களே பாத்தீங்கல்ல. வெறும் மணலு, ரெண்டு ஓடை. எங்க ஊரு ஆளுங்க பாத்தா, ஆமா இதான் காவிரிம்பாங்க. நல்ல போனுக்குத் தண்ணி விடுவோம். மட்டமான போனுக்கு மேட்டூர் இன்னும் தொறக்கல."

மாலைக்குள் மணல் வந்துவிட்டது. ஓடை ஓரத்தில் இரண்டு எருமையும் வந்தன. எருமைகள் அசையாமல் நின்றன. அசையாத பொருளை என் இஞ்சின் தூங்க வைத்துவிடும். யாராவது மோதி எழுப்பும் வரை அதற்குக் கணக்கே கிடையாது. எருமைக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. நொடிக்கு அறுபது துண்டு. சுவரில் ஐம்பது விதமாக இடித்துப் பார்த்தேன். சுவர் ஒவ்வொரு முறையும் பஸ்ஸைப் பாலத்துக்கே திருப்பி அனுப்பியது. அமீர் பாய் போன் வெதுவெதுப்போடு நின்றுகொண்டது.

வெள்ளிக்கிழமை காலை வந்தவர் பெயர் ரோஹித். இளைஞர், நல்ல மரியாதை. தமிழ் புரியும், பேச வராது என்றார் ஆங்கிலத்தில். முதல் ஓட்டம் ஸ்ரீரங்கத்தில் போய் முடிந்தது. இரண்டாவது ஓட்டத்தில் ஸ்டியரிங்கை வாங்கியவர், பாலத்தில் ஏறியதும் வேண்டுமென்றே பஸ்ஸை ஆற்றுக்குள் தள்ளப் பார்த்தார். சாய்வாக இடித்தார், நேராக இடித்தார், பின்னால் எடுத்து வந்து இடித்தார். ஜோஸ்பின் மேசைக்கடியில் என் கையைப் பிடித்திருந்தாள். சுவர் அசையவில்லை. எனக்குச் சிரிப்பாக இருந்தது; எவ்வளவு வேண்டுமானாலும் இடித்துக்கொள் தம்பி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"இந்த விலைப் போனில் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை" என்றார் ரோஹித், போனைக் கீழே வைத்து. "எடுத்துக்கொள்கிறோம். ஒரே ஒரு மாற்றம். இந்தக் கோட்டை, பாலம், கோபுரம் எல்லாம் வேண்டாம். பொதுவாக ஏதாவது ஒரு ஊர் வைத்துவிடுவோம், நாடு முழுக்க விற்கலாம். எங்களுக்கு முக்கியம் இந்த இஞ்சின்தான்."

என் இஞ்சினை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பொதுவாக நாள் முழுக்க மனசு குளிர்ந்து கிடக்கும். அன்றைக்கு எரிச்சலாக வந்தது. ஜோஸ்பின் என் கையை விட்டுவிட்டாள்.

"ஊர எடுத்துட்டா இது ஓடாது சார்" என்றாள் அவள். "படியில தொங்கறவங்க கனம், பாலத்துல தூக்கிப்போடறது, எங்க நிப்பாட்டி ஆள் ஏத்துவாங்க, இதெல்லாம் வச்சுத்தான் அக்கா அந்த பஸ்ஸுக்கு எடை போட்டாங்க. பொதுவான ஊர்ல என்னத்த வச்சு எடை போடறது?"

ரோஹித் என்னைப் பார்த்தார். இஞ்சின் தனியாகக் கிடைக்காது, திருச்சியோடுதான் கிடைக்கும் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேலிடத்தில் பேசிவிட்டு அடுத்த மாதம் சொல்வதாகச் சொல்லி, சாப்பிட்டுவிட்டு, கறிக்குழம்பைப் பாராட்டிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார். சாப்பிட்ட தட்டுகள் மேசையில் அப்படியே கிடந்தன. இரண்டு பேருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மாலையில் ஜோஸ்பின் பிரின்சிபாலைக் கூப்பிட்டாள். அவர் ஒரு கன்னியாஸ்திரி. இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"ஈவினிங் சிஸ்டர், ஜோஸ்பின்தான்... ஆமா சிஸ்டர், வந்துட்டுப் போனாரு... இல்ல, எடுத்துக்கறதா இன்னும் சொல்லல... தெரியாது சிஸ்டர். சொல்லாமலேயும் போகலாம்." கொஞ்ச நேரம் மறுபக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "யோசிச்சுட்டேன் சிஸ்டர். நான் திரும்பி வரல. என் எடத்துக்கு வேற ஆள் பாத்துக்குங்க... தேங்க்ஸ் சிஸ்டர். எனக்காக ஜெபம் பண்ணிக்குங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பியவள், அப்படியே நின்றுவிட்டாள். வாசலில் பெலிக்ஸ் நின்றிருந்தார். வங்கியிலிருந்து வருகிற வழியில் இஸ்திரிக் கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். கையில் துணி மூட்டை. கஞ்சி போட்டுத் தேய்த்த காட்டன் சேலைகள், ஐந்து. கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போகிற சேலைகள்.

"திங்கக்கெழமைக்கு வேணுமேன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"எப்பக் குடுத்தீங்க?" என்றாள் ஜோஸ்பின்.

"நீங்க ஸ்ரீரங்கம் போன அன்னைக்குக் காலைல."

பஸ் அப்போது பாலத்துக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டுதான் நின்றது. அவள் தோற்றுப்போவாள் என்று அவர் முடிவு கட்டியிருக்கிறார். தோற்றுப்போய் நிற்கிறவளுக்குத் திங்கட்கிழமை காலையில் ஒரு சிரமம் குறையட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் செய்திருக்கிறார். ஜோஸ்பினுக்கு இரண்டும் புரிந்தது முகத்தில் தெரிந்தது. நான் எழுந்து உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன்.

அவள் மூட்டையை வாங்கினாள். மேலே இருந்த நீலச் சேலையைக் கலையாமல் எடுத்து ஒரு கையில் வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழமை இதக் கட்டிக்கறேன்" என்றாள்.

"எங்க போகப்போற?"

"எங்கயும் போகல. இந்த டேபிளுக்கு வரணும்ல, காலைல ஒம்பது மணிக்கு."

பெலிக்ஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மேசையில் கிடந்த எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஈரத்துணியோடு திரும்பி வந்து மேசையை ஓரம் வரைக்கும் துடைத்தார்.